நுரைத் தாளும் ஒற்றை விசிலும்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே நாங்கள் நலம், அங்கே நீயும் வேளைக்குச் சாப்பிட்டு, வேளைக்குத் தூங்கி நலமாக இருக்க வேண்டும். நலம் என்று எழுதிவிட்டு எழுந்து போய் அப்பாவை ஒருமுறை பார்த்துவிட்டு வந்தேன். ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்து தெருவைப் பார்த்துக்கொண்டிருக்கிறார், ஆக எழுதினது பொய்யில்லை. தினமும்தான் போனில் பேசுகிறோமே, கடிதம் எதற்கு என்று கேட்பாய். போனில் நான் வாயைத் திறப்பதற்குள் 'ஏம்மா குரல் ஒரு மாதிரி இருக்கு' என்று ஆரம்பித்துவிடுகிறாய், அப்புறம் நீ என்னைத் தேற்ற நான் உன்னைத் தேற்ற, சொல்ல வந்தது தொண்டையிலேயே நின்றுவிடுகிறது. கடிதத்துக்குக் குரல் கிடையாது, அது ஒரு வசதி. இன்னொன்று, இந்தத் தாளைத் திருப்பிப் பார். நீலமும் ரோஜா நிறமுமாக வட்டத்துக்குள் வட்டமாக இருக்கிறதே, அது கடையில் வாங்கினது இல்லை, உன் அப்பா செய்தது. அந்தக் கதையைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன்.

அப்பா பக்கவாதம் வந்து விழுந்த அன்றே நீ கிளம்புகிறேன் என்றாய், நான்தான் தடுத்தேன். புது வேலையில் சேர்ந்த சூடு ஆறுவதற்குள் லீவு கேட்டால் நன்றாகவா இருக்கும். ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்தும் வலது கை எழும்பவில்லை, பேச்சு வரவில்லை, ஆனால் நாம் சொல்வதெல்லாம் புரிகிறது, அதுதான் பெரிய கொடுமை. டாக்டர் 'பேச்சு வரலாம், வராமலும் போகலாம், பயிற்சியை மட்டும் விட்டுடாதீங்க' என்றார். வரலாம், வராமலும் போகலாம் என்பதைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு மனுஷி என்ன செய்வாள் சொல். துடைத்த மேஜையையே திரும்பத் துடைக்கிறேன். பாலை அடுப்பில் வைத்துவிட்டு வாசலுக்குப் போய் நிற்கிறேன், எதற்குப் போனேன் என்று தெரியாமல் திரும்பி வந்தால் பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்து கிடக்கிறது. உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றுகிறது, எழுந்தால் எங்கே போவதென்று தெரியவில்லை. காலில் சக்கரம் கட்டிக்கொண்ட மாதிரி வீட்டுக்குள்ளேயே சுற்றுகிறேன், உன் அப்பா கண்ணாலேயே என் பின்னால் சுற்றுகிறார்.

பயிற்சி சொல்லித்தர ஒரு பெண் வருகிறாள், நல்ல பிள்ளை, ஆனால் கண்டிப்பு. வாய்க்கும் மூச்சுக்கும் பலம் வர, ஸ்ட்ராவை டம்ளர் தண்ணீரில் விட்டு ஊதச் சொன்னாள். கைக்குப் பலம் வர ஈர ஸ்பாஞ்சைப் பிழியச் சொன்னாள். கொஞ்ச நாள் செய்தார், அப்புறம் டம்ளரைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஊர் முழுக்க ஏற்றி இறக்கின பஸ் கண்டக்டரைத் தண்ணீரில் குமிழி விட்டு விளையாடச் சொன்னால் கோபம் வராதா. நான் கெஞ்சினேன், மிரட்டினேன், உன் மாமா வந்து தன் பங்குக்கு ஒரு டம்ளரில் ஊதிக் காட்டினான், சட்டையெல்லாம் தண்ணீர். அப்பா சிரிக்கக்கூட இல்லை. அப்போதுதான் மாடி வீட்டு டீச்சர் எட்டிப் பார்த்தாள். நீ போன பிறகு குடிவந்தவள், மழலையர் பள்ளியில் வேலை. 'எங்க கிளாஸ்ல இதே ஸ்ட்ராவும் ஸ்பாஞ்சும் வச்சு கலர் பேப்பர் பண்ணுவோம், அங்கிள் எனக்குக் கொஞ்சம் பண்ணித் தரட்டுமே, பள்ளிக்கூடத்துக்கு நிறைய வேணும்' என்றாள். பயிற்சி என்று சொல்லவில்லை பார், உதவி என்று சொன்னாள். உன் அப்பா திரும்பிப் பார்த்தார்.

வேலை சுலபம்தான், ஆனால் பக்குவம் வேண்டும். கிண்ணத்தில் கொஞ்சம் தண்ணீர், போஸ்டர் கலர், பாத்திரம் தேய்க்கிற சோப்பு நீர், மூன்றையும் கலக்க வேண்டும். கலர் குறைந்தால் தாளில் ஒன்றும் ஒட்டாது, தண்ணீர் கூடினால் நுரை நிற்காது. ஸ்ட்ராவை உள்ளே விட்டு ஊதினால் நுரை பொங்கிக் கிண்ணத்துக்கு மேலே குவியும், அப்போது கெட்டித் தாளை அதன் தலையில் மெல்ல வைக்க வேண்டும், அழுத்தக் கூடாது. குமிழி உடைகிற இடமெல்லாம் வட்டமாகப் பதிந்துவிடும். காய்ந்த பிறகு வேறு நிறத்தில் இன்னொரு தரம். ஊதுவது அப்பா, தாள் வைப்பது நான். முதல் தாளை எடுத்துத் திருப்பிப் பார்த்தேன், மழை பெய்கிற குளத்தை மேலிருந்து பார்க்கிற மாதிரி இருந்தது.

ஆனால் இரண்டாவது நாளே உயிர் போய் வந்தது. ஊதுகிறவர் ஏதோ நினைவில் உறிஞ்சிவிட்டார். சோப்புத் தண்ணீர் தொண்டைக்குப் போய் இருமல், கண்ணெல்லாம் சிவந்து, உதட்டில் நீல நுரை. எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை, முதுகைத் தட்டுவதா, மாமாவைக் கூப்பிடுவதா, உன்னைக் கூப்பிடுவதா. பயிற்சிப் பெண் கேள்விப்பட்டு என்னை நிற்கவைத்துத் திட்டினாள், மூச்சுக்குழாயில் போனால் என்னாவது என்று. திட்டட்டும், நியாயம்தானே. வந்த கோபத்தில் கிண்ணத்தையும் கலரையும் தூக்கிக் கொல்லைப்பக்கம் வைத்துவிட்டேன். டீச்சர்தான் ஒரு ஊசியைக் கொண்டுவந்து ஸ்ட்ராவின் மேல்பாதியில் ஒரு சின்னத் துளை போட்டாள். இனி உறிஞ்சினால் காற்றுதான் வரும், தண்ணீர் ஏறாது, பிள்ளைகளுக்கும் இப்படித்தான் கொடுப்பார்களாம். பயிற்சிப் பெண் அதைத் தன் வாயில் வைத்துப் பார்த்துவிட்டு, நான் பக்கத்திலேயே இருக்க வேண்டும் என்று சொல்லிச் சம்மதித்தாள். அன்றிலிருந்து எந்த ஸ்ட்ராவைப் பார்த்தாலும் நான் முதலில் துளையைத்தான் தேடுகிறேன்.

ஸ்பாஞ்ச் வேலை கைக்கு. பாத்திரம் தேய்க்கிற ஸ்பாஞ்சைத் துண்டாக வெட்டி, தட்டில் பரப்பின கலரைத் தொட்டு, பழைய பேப்பரில் ஒரு ஒற்று ஒற்றி, அப்புறம் நல்ல தாளில் மெதுவாக ஒற்ற வேண்டும். இழுத்தால் போச்சு, வெள்ளையடித்த சுவர் மாதிரி ஆகிவிடும். உன் அப்பா முதலில் இழுத்துக்கொண்டே இருந்தார், வலது கையை நான் தூக்கி வைக்க, விரல்கள் ஸ்பாஞ்சைப் பிடித்ததே பெரிது. இப்போது பிடிக்கிறார், விடத்தான் நேரமாகிறது. வீடு வீடாகவே இல்லை, துணி காயப்போடுகிற கொடியெல்லாம் கிளிப் போட்டுத் தாள் தொங்குகிறது, என் நல்ல புடவையில் பச்சைக் கறை, காய்ந்த தாள் சுருளாமலிருக்க உன் பழைய பாடப் புத்தகங்களை அடுக்கி வைத்திருக்கிறேன். படிக்கிற காலத்தில் நீ அவற்றைத் தொட்டதைவிட இப்போது நான் அதிகம் தொடுகிறேன். டீச்சர் வந்து தாள்களை அள்ளிக்கொண்டு போகிறாள், நோட்டுக்கு அட்டை போட, பூ வெட்ட, வாழ்த்து மடல் செய்ய. அவள் போன பிறகு உன் அப்பா அடுத்த கட்டுத் தாளைக் காட்டுகிறார்.

ஒரு வேடிக்கை சொல்கிறேன். ஒரு நாள் நான் தாளை எடுத்துவிட்டு எங்கேயோ யோசனையாக நிற்கிறேன், ஸ்ட்ராவில் 'புஸ் புஸ்' என்று இரண்டு தரம் ஊதினார். என்னவென்று பார்த்தால் அடுத்த தாளை வை என்கிறார். இன்னொரு சமயம் நுரை போதும் என்பதற்கு ஒரே ஊது, நீளமாக. எனக்குப் பொறி தட்டிச் சிரிப்பு வந்துவிட்டது. இரண்டு விசில் என்றால் போகலாம், ஒரு விசில் என்றால் நிறுத்து. பேச்சை மறந்த மனுஷன் விசிலை மறக்கவில்லை. உனக்கு நினைவிருக்கும், வண்டி கிளம்பின பிறகு தூரத்தில் யாராவது கையாட்டிக்கொண்டு ஓடி வந்தால் உடனே ஒற்றை விசில் கொடுத்துவிடுவார், டிரைவர் 'உன்னால ஒரு நாளும் நேரத்துக்குப் போய்ச் சேர முடியாதுப்பா' என்று தலையில் அடித்துக்கொள்வார். வேலை முடிந்து வந்து உன்னைத் தூக்கி வைத்துக்கொண்டு 'நாள் பூரா சில்லறை சில்லறைன்னு கேட்டேன், வீட்டுக்கு வந்தாத்தான் கிடைக்குது' என்பார். பெண் குழந்தையை அப்படியா கூப்பிடுவார்கள் என்று நான் சண்டை போட்டதெல்லாம் வீண், அவருக்கு நீ சில்லறைதான். எனக்கு அந்தப் பெயர் இதுவரைக்கும் வாயில் வந்ததில்லை.

போன வாரத்திலிருந்து ஒரு சத்தம் வருகிறது அவருக்கு. 'சில்' என்கிறார். முதலில் கேட்டபோது கையிலிருந்த கிண்ணத்தைக் கீழே போட்டுவிட்டேன், சந்தோஷத்தில்தான். குளிர்கிறது போல, சில்லென்று இருக்கிறது என்கிறார் என்று ஓடிப்போய் மின்விசிறியை நிறுத்தி, ஜன்னலைச் சாத்தி, போர்வையைப் போர்த்தினேன். போர்வையைத் தள்ளிவிட்டார். மறுபடி 'சில்', நான் மறுபடி கம்பளிச் சட்டையை எடுத்து மாட்டினேன். வேர்த்து வழிந்துகொண்டு என்னை முறைக்கிறார். பயிற்சிப் பெண் காய்ச்சல் இருக்கிறதா என்று பார்த்தாள், இல்லை. உன் மாமா ரத்த ஓட்டம் சரியில்லை என்கிறான், அவனுக்குத் தெரியாத வைத்தியம் ஏது. எனக்கு அதுவும் ஒரு கவலையாக மனசில் உட்கார்ந்துகொண்டது, இவ்வளவு வெயிலில் ஒரு மனுஷனுக்கு ஏன் குளிர வேண்டும்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நீ லீவு கேட்கப் போகிறேன் என்று நேற்றுச் சொன்னாயே, அதுதான் என்னை உட்காரவிடாமல் அடிக்கிறது. வேண்டாம் கண்ணு. நீ வந்தால் ஆகப்போவது என்ன, அப்பாவை நான் பார்த்துக்கொள்கிறேன், மாமா இருக்கிறான், மாடியில் டீச்சர் இருக்கிறாள். அவ்வளவு தூரம் வந்து, அவரை இப்படிப் பார்த்து, அழுதுகொண்டே திரும்பிப் போவாய். அப்பாவுக்கும் தான் இப்படி உட்கார்ந்திருப்பதை நீ பார்ப்பது பிடிக்காது, எனக்குத் தெரியும். பேச்சு கொஞ்சம் திரும்பட்டும், கை கொஞ்சம் எழும்பட்டும், அப்புறம் வா. அதனால் இப்போது நீ வர வேண்டாம். வெறும் வயிற்றோடு வேலைக்கு ஓடாதே, கழுத்து வலிக்கிறது என்றாயே, அந்தத் தலையணையை மாற்று.

இவ்வளவும் எழுதிவிட்டு, நியாயமாக அவரிடமும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டுமே என்று அவர் முன்னால் மேஜையில் நுரைக் கிண்ணத்தை வைத்துவிட்டு, நாற்காலி பக்கத்தில் உட்கார்ந்து படித்துக் காட்டினேன். மாமாவின் சட்டை நனைந்த இடத்தில் இப்போது சிரித்தார். விசில் கதையில் கண்ணை மூடிக்கொண்டார். 'இப்போது நீ வர வேண்டாம்' என்று படித்தேன், கிண்ணத்திலிருந்து ஒரு ஊது. நீளமாக. சலித்துவிட்டது போல என்று அடுத்துத் தலையணை வரியைப் படிக்கப் போனேன், மறுபடி அதே ஒற்றை ஊது, நுரை கிண்ணத்தைத் தாண்டி மேஜையில் வழிகிறது. 'என்ன, நிறுத்தணுமா' என்று கேட்டேன். ஆமாம் என்று தலையை ஆட்டினார், இடது கையால் கடிதத்தைத் தொட்டார், தொட்டுக்கொண்டே 'சில்' என்றார். நான் வழக்கம்போல எழுந்து ஓடிப்போய் மின்விசிறி சுவிட்சில் கை வைத்தேன். மின்விசிறி ஏற்கெனவே நின்றுதான் இருந்தது, தாள் பறக்கக் கூடாதென்று நானே நிறுத்தியிருந்தேன். சுவிட்சில் வைத்த கையை எடுத்தேன். திரும்பி 'சில்லறையா' என்று கேட்டேன். என் வாயால் முதல் தடவையாக. அவர் முகம் போன போக்கை என்னால் எழுத முடியாது, கொஞ்சம் அழுதுவிட்டு வருகிறேன்.

வந்துவிட்டேன். மேலே எழுதியதை அடிக்கவில்லை, அடித்தால் மை ஊறி அவர் வட்டங்கள் கெட்டுப்போகும், நீயே படித்துவிட்டு மறந்துவிடு. அவருக்குப் பிடிக்காது என்று நானாகத்தான் முடிவு கட்டினேன். ஒரு வாரமாக மனுஷன் உன்னைக் கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறார், நான் போர்வையைப் போர்த்திக்கொண்டே இருந்திருக்கிறேன். எனக்கும் நீ வேண்டும் கண்ணு, தினமும் சொல்ல வந்து தொண்டையில் நின்றது அதுதான். லீவு கேள். தருகிறபோது வாங்கிக்கொண்டு வா, அவசரப்பட்டு வேலையை விட்டுவிடாதே. இந்தத் தாளை ஈரத்தில் வைக்காதே, சாயம் போய்விடும். எந்தக் குறையும் இல்லாமல் நீ நீண்ட நாள் நன்றாக இருக்க வேண்டும், நாங்கள் இருவரும் மனதார வாழ்த்துகிறோம். அப்பா ஒற்றை விசில் கொடுத்துவிட்டார், வண்டி நிற்கிறது. ஓடி வந்து எங்கேயாவது விழுந்துவைக்காதே, நடந்தே வா, உன்னை ஏற்றாமல் கிளம்பாது.

இப்படிக்கு,
உன் அம்மா

பக்கத்தில் இருக்கும் பச்சை ஒற்று அப்பாவின் கையெழுத்து. வலது கையால் வைத்தது, நான் தூக்கிவிடவில்லை.