உங்கள் கையில் இருந்தது பூங்கொத்து அல்ல

அக்கா,

இன்று காலை டியூட்டிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது உங்கள் அண்ணன் வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினார். முதலாம் ஆண்டு நினைவு அஞ்சலி. மேலே சிலுவை, கீழே இரண்டு மெழுகுவர்த்திகள், நடுவில் நீங்கள். ஊரில் ஏதோ ஸ்டுடியோக்காரன் செய்த வேலை. உங்கள் கையில் ஒரு ரோசாப்பூங்கொத்தை ஒட்டியிருக்கிறான்.

முதலில் எனக்குச் சிரிப்புதான் வந்தது. அப்புறம் உங்கள் வலது கையின் ஆள்காட்டி விரலைப் பார்த்தேன். மடங்காமல் நேராக நீட்டியபடி இருக்கிறது. பூவை யாரும் அப்படிப் பிடிப்பதில்லை. சுட வேண்டிய நொடி வரும்வரை டிரிகரில் விரல் வைக்காதவர்களின் பிடி அது. துப்பாக்கியை அழித்தவனுக்கு அந்த விரலை என்ன செய்வதென்று தெரியவில்லை.

சிரிப்பு அங்கேயே நின்றுவிட்டது. அந்தப் படத்தை எடுத்தவள் நான். அந்தத் துப்பாக்கியை நீங்கள் தேர்ந்தெடுத்த நாளில் பக்கத்தில் நின்றவளும் நான். அதை மறைக்க ஒருவருக்கும் உரிமை இல்லை.

அபுதாபியை ஒட்டிய முசாபாவில் நாம் ஒரே பிளாட்டில், ஒரே அறையில் குடியிருந்தோம். நான் திருவாரூர்ப் பக்கத்துக்காரி. அபுதாபியில் வேட்டைச் சாமான் விற்கும் கடையில் வேலை. கூடாரம், கத்தி, பைனாகுலர், லைசென்ஸ் உள்ளவர்களுக்குத் துப்பாக்கி. நீங்கள் தூத்துக்குடிக் கடற்கரை. கல்லூரியில் என்.சி.சி.யில் சுடப் பழகி, பதக்கங்கள் வாங்கி, இங்கே ஒரு கிளப்பில் பெண்களுக்குச் சுடக் கற்றுக்கொடுக்க வந்தவர். முதல் நாள் என்னை "ஏட்டி" என்று கூப்பிட்டீர்கள். ஏதோ திட்டுகிறீர்கள் என்று நினைத்து ஒரு வாரம் உங்களோடு சரியாகப் பேசவில்லை. அது பாசம் என்று புரிந்தபோது, நீங்கள் எனக்கும் சேர்த்து மீன்குழம்பு வைக்க ஆரம்பித்திருந்தீர்கள்.

பிறகு அந்த விபத்து. ருவைஸில் ஒரு ஞானஸ்நான விருந்துக்குப் போய்த் திரும்பும் வழியில் கார் டயர் வெடித்தது. மற்றவர்கள் சிராய்ப்போடு தப்பினார்கள். உங்கள் இடது தோளில் தகடு வைத்தார்கள். காயம் ஆறிய பிறகும் அந்தக் கை நெஞ்சுக்கு மேலே சரியாக எழும்பவில்லை. கனமான எதையும் தூக்கக் கூடாது என்றார் டாக்டர். கிளப்பில் உங்களை ரிசப்ஷனில் உட்கார வைத்தார்கள். ஏசி அறை, சாய்வு நாற்காலி, அதே சம்பளம். எல்லாரும் நல்ல மனதோடுதான் செய்தார்கள். நானும் நல்ல மனதோடுதான், "ஊருக்குப் போய் ரெஸ்ட் எடுங்கக்கா" என்றேன்.

"ஒடஞ்சது தோளுட்டி, கண்ணு இல்ல" என்றீர்கள். அவ்வளவுதான். 

அந்தச் சமயத்தில்தான் மரியம் வந்தாள். உங்களிடம் சுடப் பழகிய எமிராத்திப் பெண். அவள் குடும்பத்தில் ஆண்கள் எல்லாரும் வேட்டைக்குப் போகிறவர்கள். அவளும் நமீபியாவுக்குப் போக ஏற்பாடு செய்திருந்தாள். விபத்துக்கு முன்பே உங்களையும் அழைத்திருந்தாள். இப்போது வரமாட்டீர்கள் என்று எண்ணி, விடைபெற்றுப் போகத்தான் வந்தாள். நீங்கள் அவளிடம் கேட்டீர்கள்: "எனக்குத் தக்கன ஒரு ரைஃபிள் கெடச்சா கூட்டிட்டுப் போவியா?"

அவள் உங்கள் தோளைப் பார்த்தாள். முகத்தைப் பார்த்தாள். "யல்லா, கடைக்குப் போவோம்" என்றாள். லைசென்ஸ், அனுமதிப் பத்திரம் எல்லாம் அவள் பெயரில். துப்பாக்கி அவளுடையது. ஆனால் அளவு உங்களுடையது.

எங்கள் மேனேஜரை உங்களுக்குத் தெரியும், பாலக்காட்டுக்காரர், நல்ல மனிதர். நீங்கள் இருவரும் உள்ளே வந்ததும் தன் கண்ணுக்குப் பிடித்த துப்பாக்கியை எடுத்து வைத்தார். தடித்த குழல், எத்தனை சுட்டாலும் குறி மாறாது. நீங்கள் அதை வலது தோளில் பொருத்தி, இடது கையால் முன்பக்கத்தைத் தாங்கினீர்கள். கொஞ்ச நேரத்திலேயே குழலின் முனை தாழத் தொடங்கியது.

"மூக்கு கனம்" என்று கீழே வைத்துவிட்டீர்கள்.

அவர் உடனே கடையிலேயே எடை குறைந்ததை எடுத்தார். அது பெரிய தோட்டா போடுவது. "சேச்சி, இது இறகு மாதிரி இருக்கும்" என்றார்.

"இறகுதான். ஆனா சுடுகையில தோள்ல கழுத மாதிரி ஒதைக்கும். எட கொறஞ்சா ஒத கூடும், உங்களுக்குத் தெரியாததா? பெரிய தோட்டா வேண்டாம். நடுத்தரமா, மெதுவா ஒதைக்கிறது குடுங்க. மானுக்கு அது போதும், குறி சரியா இருந்தா."

அவர் கோபப்படவில்லை. அவருக்கும் ஆர்வம் சூடு பிடித்துவிட்டது. கண்ணாடிப் பெட்டிகளைத் திறந்து ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தார். நீங்கள் ஒவ்வொரு முறையும் கண்ணை மூடிக்கொண்டு துப்பாக்கியைத் தோளுக்குக் கொண்டுபோனீர்கள். கன்னம் துப்பாக்கியின் பின்கட்டையில் படிந்த பிறகுதான் கண்ணைத் திறந்தீர்கள். கண் ஸ்கோப்பின் நடுவில் நிற்க வேண்டும். கழுத்தை நீட்டியோ குனிந்தோ தேடினால் அது உங்களுக்கு ஆகாது. தோளிலிருந்து எடுக்காமலே, தோட்டா ஏற்றும் போல்ட்டைத் தூக்கி இழுத்துத் தள்ளிப் பார்த்தீர்கள். ஒன்றில் கட்டை நீளம், இன்னொன்றில் டிரிகர் இழுத்த பிறகும் யோசித்தது. ஒன்று அளவுக்கு மீறி லேசு. "இது காத்துல ஆடும், நிக்காது" என்றீர்கள்.

பகல் தொழுகைக்குப் போன மரியம் திரும்பி வந்தபோது நீங்கள் ஒன்றை மட்டும் மேசையில் வைத்திருந்தீர்கள். மெல்லிய குழல், குட்டையான கட்டை, நடுத்தரத் தோட்டா. கனம் முன்னால் இல்லாமல் இரண்டு கைகளுக்கும் நடுவில் உட்கார்ந்திருந்தது. மேனேஜர் ஒரு பெரிய ஸ்கோப்பை அதன்மேல் பொருத்தப் போனார். நீங்கள் அவர் கையைப் பிடித்துத் தடுத்தீர்கள். "கீழ கொறச்ச கனத்த மேல ஏத்தாதீங்க." சின்ன ஸ்கோப் போதும் என்றீர்கள்.

அடுத்த வாரம் கிளப்பின் சுடும் ரேஞ்சுக்கு நானும் வந்தேன். மேனேஜரும் வந்தார், அவருக்கு ஒரு சந்தேகம் இருந்தது. மெல்லிய குழல் சீக்கிரம் சூடாகும், மூன்று நான்கு தோட்டாவுக்குப் பிறகு குறி சிதறும் என்றார். அவர் சொன்னது சரிதான்.

"காட்டுல மான் நின்னு நின்னு காட்டுமா?" என்று கேட்டீர்கள். "ஆறுன குழல்ல இருந்து போற மொத தோட்டா எங்க போகுது? எனக்கு அதுதான் தெரியணும்."

ஒன்று சுட்டீர்கள். போல்ட்டைத் திறந்து வைத்துவிட்டு, குழல் ஆறும்வரை எங்களோடு டீ குடித்தீர்கள். மறுபடி ஒன்று. மறுபடி டீ. காலை முழுக்க இப்படியே போனது. கடைசியில் இலக்கு அட்டையைக் கொண்டு வந்தபோது, துளைகள் எல்லாவற்றையும் ஒரு திர்ஹம் நாணயத்தால் மூடிவிடலாம் போலிருந்தது. மேனேஜர் அட்டையை வெயிலில் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டு, "கொள்ளாம்" என்று மலையாளத்தில் மெச்சினார். அப்போதுதான் அந்தப் படத்தை எடுத்தேன். இடது கை துப்பாக்கியின் கீழே, வலது கை விரல் நீட்டி, போல்ட் திறந்து, வாயெல்லாம் பல்லாக நீங்கள்.

நமீபியாக் கதையை நீங்கள் திரும்பி வந்து, சமையலறையில் வெங்காயம் உரித்துக்கொண்டே சொன்னீர்கள். முறுக்கிய கொம்புள்ள பெரிய மான். முதல் நாளே எதிர்ச் சரிவில் நின்றதாம். வழிகாட்டி "சுடுங்கள், சுடுங்கள்" என்று அவசரப்படுத்தினானாம். நீங்கள் மாட்டேன் என்று தலையை ஆட்டிவிட்டீர்கள்.

"அம்புட்டுத் தூரம் நான் சுட்டுப் பழகல. ரைஃபிளால ஆவும், என்னால ஆவாது. மரியத்துக்குக்கூட மூஞ்சி சுருங்கிட்டு. நான் மீன்பிடிக்காரன் மவ. உயிர எடுக்கதுன்னா எடுக்கணும், குத்துயிரா ஓட விடக் கூடாது."

மூன்றாம் நாள் பாறைகளில் ஏறினீர்கள். வழிகாட்டி துப்பாக்கியை வாங்கிக்கொள்ளக் கை நீட்டினான். நீங்கள் கொடுக்கவில்லை. நீங்கள் சுமக்கத்தானே அதைத் தேடி எடுத்தது. மேலே போனதும் இடது கை மரத்துவிட்டது. பையைப் பாறைமேல் வைத்து, அதன்மேல் துப்பாக்கியைச் சாய்த்து, மூச்சு அடங்கும்வரை காத்திருந்தீர்கள். ஒரே ஒரு தோட்டா. அந்த மான் சில அடி நடந்து விழுந்தது. வயதான ஆண். இறைச்சி பக்கத்துக் கிராமத்துக்குப் போயிற்று.

"அப்பா வலைய இழுத்ததும் சிலுவ போடுவாவ. நானும் போட்டேன்" என்றீர்கள். உங்கள் கண் கலங்கியிருந்தது வெங்காயத்தாலா வேறெதனாலா என்று நான் கேட்கவில்லை.

திரும்பி வந்த மறுநாள் கிளப் பொறுப்பாளர் முன்னால் போய் நின்றீர்கள். சாதாரணத் துப்பாக்கியைத் தூக்க முடியாதவர் எப்படிச் சொல்லிக் கொடுப்பீர்கள் என்றார் அவர். தூக்க முடியாதவர்களும் கற்றுக்கொள்ள வருவார்கள், அவர்களுக்கு யார் சொல்லிக் கொடுப்பார்கள் என்று நீங்கள் கேட்டீர்கள். மரியமும் இன்னும் சில மாணவிகளும் நீங்கள் வரும்வரை வகுப்புக்கு வரமாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். காலையில் ரிசப்ஷன், மாலையில் ரேஞ்ச் என்று பாதி வழிக்கு வந்தார் பொறுப்பாளர். நீங்கள் அந்தப் பாதியை வாங்கிக்கொண்டீர்கள். மறுபாதியைக் கேட்பதை நிறுத்தவில்லை. நோன்புப் பெருநாள் கழிந்ததும் ரிசப்ஷன் நாற்காலியில் வேறொரு பெண் உட்கார்ந்திருந்தாள்.

போன வருடம் மாதா கோயில் திருவிழாவுக்கு லீவில் போனீர்கள். மத்தியானம் சாப்பிட்டுப் படுத்தவர் எழுந்திருக்கவில்லை. மாரடைப்பு என்றார்கள். என்னால் அடக்கத்துக்கு வர முடியவில்லை. அறையில் உங்கள் கட்டிலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன்.

இன்று காலை உங்கள் அண்ணனுக்குப் போன் செய்தேன்.

"அண்ணே, அக்கா கையில பூ எப்படி வந்துச்சு?"

"தங்கச்சி, கோயில் வாசல்ல வைக்கப் போற போர்டு. கலியாணமும் கட்டல, கையில துப்பாக்கியோட நின்னா ஊர்ல என்ன சொல்லுவாவ? ஏற்கெனவே, அது ஒதச்சி ஒதச்சித்தான் நெஞ்சு போச்சின்னு பேசுதாவ."

"டாக்டர் அப்படிச் சொன்னாரா?"

"டாக்டர் சொல்லல."

"அப்ப ஊர் பேசுற பொய்ய நீங்க ஏன்ணே போர்டுல ஒட்டுறீங்க? மெதுவா உதைக்கிறதா வேணும்னு காலையெல்லாம் நின்னு தேடுனாங்க. நான் பாத்தேன். அந்தத் துப்பாக்கி அவங்களக் கொல்லல. முடங்கிக் கெடந்தவங்கள அது எழுப்பி விட்டுச்சு. அத அழிச்சீங்கன்னா, அவங்க கடைசியா எழுந்து நின்னதையே அழிக்கிறீங்க."

 பின்னால் உங்கள் அம்மாவின் குரல் கேட்டது. "யாரு, அபுதாபிப் பிள்ளையா? போன இங்க குடு."

"எம்மா, முழுப் படம் ஒங்கிட்ட இருக்கா? எனக்கு அனுப்பு. பெருசா அனுப்பு, கண்ணு மங்கலா இருக்கு."

அனுப்பினேன். பார்க்கும்வரை லைனிலேயே இருந்தேன். 

"அது ரொம்பக் கனமோ? ஒடஞ்ச தோளாச்சே."

"இல்லம்மா. அவங்க தோளுக்குன்னு அவங்களே பாத்து எடுத்தது."

"அப்பம் சரி" என்றார். பிறகு போனை விட்டு முகத்தைத் திருப்பிச் சொன்னது எனக்குக் கேட்டது. "ஏலே, அந்தப் பூவ எடுக்கச் சொல்லு."

மாலையில் அண்ணன் பூ போய்த் துப்பாக்கி திரும்பி வந்த புதுப் படம் அனுப்பியிருந்தார். ஞாயிற்றுக்கிழமை நினைவுத் திருப்பலியன்று நீங்கள் நீங்களாகவே கோயில் வாசலில் நிற்பீர்கள். பேசுகிறவர்கள் பேசட்டும்.

நான் இன்னும் அதே கடையில், அதே கவுண்டரில்தான் நிற்கிறேன், அக்கா. இப்போதெல்லாம் பெண்களும் வருகிறார்கள், பெரும்பாலும் கணவனோடு அல்லது அண்ணனோடு. நான் துப்பாக்கியை எடுத்து, போல்ட்டைத் திறந்து, காலியாக இருப்பதைக் காட்டி நீட்டும்போது, ஆணின் கைதான் முதலில் முன்னால் வரும். வாங்கிப் பார்த்து, கனம் பார்த்து, அவளுக்கு இது போதும் போதாது என்று தீர்ப்புச் சொல்ல. "மன்னிக்கணும்" என்று சிரித்துக்கொண்டே, அந்தக் கையைத் தாண்டி நீட்டி, அவள் கையில் கொடுக்கிறேன்.