பின்னறைக் கொடியில் என் சட்டைகள்

என் ஆசை அக்கா,

'ஆசை' என்று பழக்கத்தில் எழுதிவிட்டேன். கிடக்கட்டும், வெட்டவில்லை. நீ செத்து இன்றைக்கு முப்பத்தோராம் நாள், அந்தியேட்டிக் கிரியை முடிந்தது. எனக்கு இன்னும் அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வருகிறது.

சண்டைக்குள்ளால் தப்பி யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்பில் வெள்ளவத்தைக்கு, உன் வீட்டுக்கு வந்து இறங்கிய அன்றே சொன்னாய்: "உன்ர உடுப்பைப் பல்கனியில காயப்போடாதை. இந்த வீட்டில ஆர் ஆர் இருக்கினம் எண்ட பொலிஸ் பதிவில நானும் அத்தானும் மட்டும்தான். கீழ நிண்டு பாக்கிறவன் எண்ணிப்போடுவான்." என்னைப் பதிந்தால் அத்தானின் அரசாங்க வேலைக்குக் கரைச்சலாம். ஓம் என்றேன். சும்மா கிடந்த பின்னறையில் கயிறு கட்டி, அதன் கீழேயே பாயைப் போட்டுப் படுத்தேன். இரண்டு நாள் போனாலும் பாவாடை நாடா காயாது. அந்த ஈர மணத்தில் இருமி இருமி நெஞ்சு நொந்தது. உனக்குக் கேட்கவில்லையா?

அதைக்கூட விட்டிருப்பேன். சோதனைக்கு வந்த பொலிஸ்காரர் பின்னறைக்குள் எட்டிப் பார்த்து, "மே காகேத?" என்று கேட்டார். யாருடைய உடுப்பு என்று. நான் உனக்குப் பக்கத்தில்தான் நின்றேன். வீட்டு வேலைக்கு நிற்கிற பிள்ளையுடையது என்று சிரித்துக்கொண்டே சிங்களத்தில் சொன்னாய். அவளையும் பதியச் சொல்லிவிட்டு அவர் போனார். நீயும் பதிந்தாய், வேலைக்காரி என்று.

சரி, பதிந்தாயிற்றே என்று மறுநாள் சட்டைகளைத் தோய்த்துப் பல்கனிக்குக் கொண்டுபோனேன். மறித்தாய். "வேலைக்காரியின்ர உடுப்பு முன்னுக்குத் தொங்கினா ஆக்கள் என்னடி நினைப்பினம்?"

அட பாவி! பொலிசுக்குச் சொன்ன பொய்யை நீயே நம்பிவிட்டாயா?

நீ படுக்கையில் விழுந்த பிறகு உன் மூத்திரச் சேலைகளைத் தோய்த்தவள் நான். செத்தவீட்டில் மேல்மாடி அன்ரி தன் பழைய சேலை ஒன்றை என் கையில் வைத்து, "நல்லாப் பாத்தனீ பிள்ளை. இனி எங்க வேலைக்கு நிக்கப் போறாய்?" என்று கேட்டா. அத்தான் பக்கத்தில் கேட்டுக்கொண்டுதான் நின்றார்.

நாளைக்குப் பொலிசுக்குப் போகிறேன். பொய் எழுதிய உன்னை இனிப் பிடிக்க முடியாது, என்னைப் பிடித்து வைக்கலாம். "செத்தவளின்ர பேரைக் கெடுக்காதை" என்று அத்தான் கெஞ்சுகிறார். கெடுக்கத்தான் போகிறேன். பதிவில் 'வேலைக்காரி' என்ற சொல்லை வெட்டுவித்து, உறவைச் சரியாக எழுதுவிக்காமல் திரும்பி வரமாட்டேன். இது சத்தியம்.

உன் கூடப்பிறந்த தங்கச்சி,
வதனி