தேடிய தேட்டம் என்றொரு சொல்

ஐப்பசி 3, திங்கள்

காலையிலிருந்து மழை. குடைக்கம்பி முறிந்துவிட்டது. புதிது வாங்க வேண்டும்.

பத்து மணிக்குப் புதுக்கடை நீதிமன்றத்தருகே, சட்டத்தரணி ரஞ்சினியின் அறை. மணவிலக்கு வழக்கு வரும் வியாழன். கணவர் மார்ட்டின் தரப்பு மறுமொழி வந்திருக்கிறது. (இனி மா. முழுப்பெயர் எழுதக் கை வரவில்லை.)

நான் கேட்பவை இரண்டு. தாபரிப்பு. வெள்ளவத்தை வீடு முழுதும் எனக்கே என்ற தீர்ப்பு. அவர் கேட்பது ஒன்றே: வீட்டை விற்றுப் பாதி. பெற்றுக்கொண்டு செருமனி திரும்புவாராம். அவரோடு அங்கே போவதற்காகத்தான் ஆசிரியப் பணியை விட்டேன். திரும்பி வந்தபோது பணியும் இல்லை, ஓய்வூதியமும் இல்லை.

தாபரிப்பு வடசொல். “வாழ்வூதியம்” என எழுதுமாறு ரஞ்சினியிடம் சொன்னேன்.

“அக்கா, இது இங்கிலீசில போகப்போகுது. நீங்க எந்தத் தமிழில கேட்டாலும் ஒண்டுதான்.”

அவர்கள் காட்டும் சான்று ஓர் ஒலிநாடா. ஒன்பது ஆண்டுகளுக்கு முன் வீடு குடிபுகுந்த அன்று நான் பேசியது. பதிந்தவர் மா. அதில் ஒரு வரி: “இவ்வீடு எங்கள் இருவரின் தேடிய தேட்டம்.”

ரஞ்சினி பேனாவைக் கீழே வைத்தாள். “தேசவழமைச் சொல்லை ஏன் அக்கா வாயில எடுத்தனீங்க?”

யாழ்ப்பாணத்தார் சட்டத்தில், மணத்துக்குப் பின் ஈட்டியது தேடிய தேட்டம். பாதி கணவனுக்கு.

“நீங்க வெளிநாட்டுக்காரரைக் கட்டினபடியா அந்தச் சட்டம் உங்களைப் பிடிக்காது. வீட்டு உறுதிப் பத்திரம் உங்கட பேரில. உங்கட அப்பா தந்த காணியை வித்த காசு. எல்லாம் வடிவா இருந்தது. இப்ப நீங்களே பாதி அவருக்கெண்டு மைக்கில சொல்லி வச்சிருக்கிறீங்க.”

ஒலிவாங்கி இல்லை என்றேன். கூடத்தில் பன்னிருவர் மட்டுமே.

“உங்களுக்கு மைக் எதுக்கு?”

நாடாவின் படியொன்று தந்தாள். கேட்டுவிட்டு வர வேண்டுமாம்.

ஐப்பசி 4, செவ்வாய்

தூறல். வாங்க வேண்டியவை: குடை, தேயிலை, மெழுகுதிரி. ஒன்றும் வாங்கவில்லை.

நாடா கேட்கும் கருவி வீட்டில் இல்லை. மா. எடுத்துப்போய்விட்டார். மாலை கொட்டாஞ்சேனைத் தமிழ் மன்றத்தில் எனக்கு மேடைப்பேச்சு. மன்றத்தாரிடம் கருவி உண்டு என்பதால் நாடாவைப் பையில் வைத்துக்கொண்டேன். அறிவின்மை.

காலி வீதிச் சோதனைச் சாவடி. பேருந்தை மறித்து எல்லோரையும் இறக்கினார்கள். பையில் தமிழ் எழுதிய நாடா. அதில் என் பெயர். என்னை மட்டும் உள்ளே அழைத்தார்கள். மணல் மூட்டைகளுக்கு நடுவே ஒரு மேசை, நாடா போடும் ஒரு வானொலிப் பெட்டி. தமிழ் தெரிந்த முசுலிம் காவலர் ஒருவரைக் கூட்டிவந்து போட்டுக் கேட்டார்கள்.

என் குரல். என்ன முழக்கம். பொறுப்பதிகாரி கைத்துவக்கின் மேல் கை வைத்தபடியே கேட்டார். ஒரு சொல் விளங்காதவருக்கு அது போர் அறைகூவலாகத்தான் கேட்டிருக்கும்.

காவலர் சிங்களத்தில் ஏதோ சொல்ல, அதிகாரி சிரித்துவிட்டார். பிறகு காவலர் என்னிடம்: “வீடு குடிபூர பேச்சுண்டு அவருக்குச் சொன்ன. நல்லா பேசிரீக்கிறீங்க அக்கா. பொறகால ஒராள் சிரிக்கிறாரே, அவரா மாப்புள?”

“ஓம்.”

“சந்தோசமா சிரிக்கிறாரு.”

நாடாவைத் திருப்பித் தந்தார்கள்.

கொட்டாஞ்சேனைக்கு முக்கால் மணி பிந்திப் போனேன். தலைப்பு மன்றத்தார் தந்தது: வாய்மை. கைதட்டல் குறைவில்லை. படியிறங்கும்போது பின்னால் இரு பெண்கள்.

“இவதான் வெள்ளைக்காரனைக் கட்டினவ. அவன் விட்டிட்டானாம்.”

“வீட்டிலயும் இப்பிடிக் கத்தினா நிப்பானோ?”

திரும்பிப் பார்க்கவில்லை. வீட்டில் நாங்கள் தாழ்ந்த குரலில்தான் பேசினோம். அவ்வளவு தாழ்த்தியதுதான் பிழையோ, தெரியவில்லை.

ஐப்பசி 5, புதன்

விடியற்காலை படையினரின் சுற்றிவளைப்பு. கதவில் மா.வின் பெயர்ப் பலகை இன்னும் இருக்கிறது. முன்பெல்லாம் அதைப் படித்ததும் தொப்பியைத் தொட்டுவிட்டுப் போவார்கள்.

“சுது மஹத்தயா கோ?” வெள்ளைக்காரத் துரை எங்கே.

வேலைக்குப் போய்விட்டார் என்றேன், அரைகுறைச் சிங்களத்தில். காலை ஐந்தே கால். நம்பினார்களோ இல்லையோ, போய்விட்டார்கள். எதிர்வீட்டுப் பிள்ளைகள் இருவரையும் ஏற்றிச் சென்றார்கள். பத்து மணிக்கு விட்டார்கள். இந்த வீடும் போனால் நான் வாடகைக்கு அறை தேட வேண்டும். தனித்த தமிழ்ப் பெண்ணுக்கு யார் கொடுப்பார்? கொடுத்தாலும் காவல்நிலையத்தில் பதிய வேண்டும். என்ன தொழில் என்பார்கள். மேடைப்பேச்சு என்பதா?

பதினொரு மணிக்கு மா. தொலைபேசியில். கொள்ளுப்பிட்டி அலுவலகத்திலிருந்து.

“வணக்கம். நலமாக இருக்கின்றீர்களா?”

ஒரு பிழையும் இல்லை. நான் கற்பித்த தமிழ். “நீங்கள்” என்பதும் நான் கற்பித்ததே.

“பாதி என்னுடையது என்று நீங்கள்தானே கூறினீர்கள். நான் பொருள் கேட்டேன். விளக்கினீர்கள்.”

உண்மை. அன்றிரவு விளக்கினேன். வீட்டுக்கென்று அவர் வாங்கியவை ஒரு மின்விசிறி, ஒரு புத்தக அலுமாரி. ஆனால் சுவரெல்லாம் ஒரு மாதம் தம் கையால் தீந்தை பூசினார். உறுதியில் அதற்கு இடமில்லை. அதனால்தான் அந்தச் சொல்லைத் தேடி எடுத்தேன்.

தொலைபேசியை வைத்துவிட்டேன்.

ஐப்பசி 6, வியாழன்

வழக்கு. கனத்த மழை. ரஞ்சினியின் குடைக்குள் போனேன்.

சாட்சிக் கூண்டு. நான் தமிழில், மொழிபெயர்ப்பாளர் ஆங்கிலத்தில். முதிர்ந்த மனிதர். முதல் விடைக்கே கையை உயர்த்தினார். “அம்மா, துண்டு துண்டாச் சொல்லுங்கோ. எனக்கு மூச்சு வாங்குது.”

மா. தரப்புச் சட்டத்தரணி: தேடிய தேட்டம் என்பதன் பொருள் தெரியுமா?

தெரியும்.

பொருளறியாது சொல் வழங்கும் பழக்கம் உண்டா?

இல்லை.

ரஞ்சினி கண்ணை மூடிக்கொண்டாள். நீதிபதி கேட்டார்: அப்படியானால் ஏன் சொன்னீர்கள்?

மேடையில் நான் ஒரு சொல்லையும் திரும்பப் பெற்றதில்லை. கல் எறிந்தபோதும் இல்லை.

“எதுகைக்காக.”

“எதுக்காகவோ?” என்றார் மொழிபெயர்ப்பாளர்.

“எதுகைக்காக.”

“அதைத்தான் அம்மா கேக்கினம், எதுக்காக?”

மூன்றாம் முறை எழுத்துக் கூட்டிச் சொன்னேன். ஓசை அழகுக்காக, வேறு பொருளில்லை என்று விளக்கமும் சேர்த்தேன். “ரைம்” என்று மொழிபெயர்த்தார். பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள்.

மா. அன்றைக்கு முதன்முறையாக என்னைப் பார்த்தார். தம் சட்டத்தரணியின் காதில் ஏதோ சொன்னார். அவர் மறுத்தார். மா. மீண்டும் சொன்னார். சட்டத்தரணி எழுந்தார்: வீட்டில் தம் கட்சிக்காரர் உரிமை கோரவில்லை.

வீடு எனக்கு. தீர்ப்பு வரும்வரை மாதந்தோறும் தாபரிப்பு.

“வெண்டிட்டம் அக்கா,” என்றாள் ரஞ்சினி.

வெளி விறாந்தையில் மா. வந்தார். கைகூப்பினார்.

“அது எதுகை அன்று. மோனை.”

மழைக்குள் இறங்கிப் போய்விட்டார். தே, தே. மோனைதான். பிழை திருத்துபவருக்கு நன்றி சொல்ல வேண்டும் என்று அவருக்குக் கற்பித்தவளும் நானே.

ஐப்பசி 7, வெள்ளி

மழை இல்லை. எனவே குடையும் வாங்கவில்லை.

பெயர்ப் பலகையைக் கழற்ற எண்ணினேன். கழற்றவில்லை. சுற்றிவளைப்புக்கு வேண்டும்.

மாலை வீட்டில் உயர்தரத் தனிவகுப்பு. மாணவிகள் நால்வர். பாடம்: தொடை வகை. கரும்பலகையில் “எதுகை” என்று எழுதித் தொடங்கினேன்.

“டீச்சர், மோனையெல்லோ முதல்?”

ஓம் என்றேன். அழித்தேன்.