மேஜைக்கு வந்த நாற்காலி

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் உன் தம்பியும் நன்றாக இருக்கிறோம், நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் சௌக்கியம் என்று உன் வாயால் கேட்டால்தான் அம்மாவுக்குத் தூக்கம் வரும். அவளுக்கு முழங்கால் வலி பரவாயில்லை, எழுந்து வந்து என்னைத் திட்டும் அளவுக்குத் தேறிவிட்டாள்.

பெரிய சேதி தம்பியைப் பற்றியது, பயப்படாதே, நல்ல சேதிதான். அச்சகத்தில் வேலைக்குச் சேர்ந்தான் அல்லவா, அதில் ஒரு சிக்கல். ஆஸ்பத்திரி மனநலப் பிரிவில் ஊசி போடுவது செவ்வாய்க்கிழமை காலையில் மட்டும், அச்சகத்தில் வேலை நெருக்குவதும் அன்றைக்குத்தான். முதலாளி முகம் சுளிக்க ஆரம்பித்துவிட்டார். வேலையை விடுவதா ஊசியை விடுவதா என்று இவன் யோசித்துக்கொண்டிருந்தான். ஊசியை விட்டால் அவன் என்ன பாடு படுவான் என்று உனக்குத் தெரியும். அந்தச் சமயத்தில்தான் ஆஸ்பத்திரியில் ஒரு குழு போட்டு, சிகிச்சை எடுப்பவர்களும் வீட்டில் பார்த்துக்கொள்பவர்களும் வந்து பேசுங்கள் என்று எங்கள் இருவரையும் கூப்பிட்டார்கள்.

நான் சட்டைக்கு இஸ்திரி போட்டு, பேச வேண்டியதைக் குளியலறையில் ஒத்திகை பார்த்துவிட்டுப் போனேன். டாக்டர்கள் மேஜையைச் சுற்றி, எங்களுக்கு மட்டும் சுவரோரம் தண்ணீர்க் கேனுக்குப் பக்கத்தில் நாற்காலி. பெரிய டாக்டர் தம்பியைப் பார்த்து, இங்க என்ன மாத்தணும் சொல்லுங்க என்றார். வழக்கம்போல நான் முந்திக்கொண்டேன். அத்தனை பேரைப் பார்த்ததும் ஒத்திகையெல்லாம் பறந்துவிட்டது, மின்விசிறி சத்தம் போடுகிறது, கழிப்பறைத் தாழ்ப்பாள் சரியில்லை என்று அளந்துகொண்டிருக்கிறேன், ஊசிப் பேச்சு மட்டும் வாயில் வரவில்லை. உன் தம்பி எழுந்தான், நாற்காலியைத் தரதரவென்று மேஜைக்கு இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். அப்பா, என்னைத்தானே கேட்டாங்க, நானே சொல்றேனே என்றான். ஒரு நாள் சாயங்காலமா ஊசி போட்டா நாங்க வேலையையும் பாப்போம், உடம்பையும் பாத்துக்குவோம், என்னை மாதிரி இன்னும் நாலு பேர் இருக்காங்க என்று நிதானமாகச் சொன்னான். ஊசி போடும் நர்ஸம்மா உடனே, சாயங்காலம் நான் இருந்து போடறேன் டாக்டர் என்றார். இப்போது வியாழக்கிழமை சாயங்காலமும் உண்டு. எனக்குப் பெருமை தாங்கவில்லை, கொஞ்சம் கோபமும்தான், நாலு பேர் முன்னால் என் வாயை அடைத்துவிட்டானே பயல்.

நேற்று அச்சகத்திலிருந்து நேராக ஆஸ்பத்திரிக்கு வந்தான். நானும் வாசலில் காத்திருந்தேன். நான் போயிட்டு வரேன், நீங்க டீ குடிச்சிட்டிருங்க என்று சொல்லிவிட்டு அவன் பாட்டுக்கு உள்ளே போய்விட்டான். இத்தனை வருஷமாக அந்த வாசல் டீக்கடையில் டீயை வாங்கி வைத்துவிட்டு அவன் பின்னாலேயே ஓடியிருக்கிறேன். நேற்றுதான் சூடாகக் குடித்தேன், நன்றாகத்தான் போடுகிறார்கள்.

நீங்கள் மூவரும் நோய்நொடி இல்லாமல் நிறைவாக இருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணும்போது, தம்பி எப்படி இருக்கான் என்று என்னிடம் கேட்காதே, அவனிடமே கேள்.

உன் அப்பா