பதினோரு பேரின் தேநீர் நேரம்

வைதோரு,
17 ஆகஸ்ட் 1986

அன்பு மகள் ப்ரோன்வினுக்கு,

இங்கே நானும் அம்மாவும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், அங்கே லண்டனில் நீயும் வேளைக்குச் சாப்பிட்டு, ஆஸ்பத்திரி வேலை முடிந்து நன்றாகத் தூங்கி சுகமாக இருக்கிறாய் என்று நம்புகிறேன். என் கையெழுத்தைப் பார்த்ததும் அம்மாவுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று பயந்துவிடாதே, அவள் அடுப்படியில் நின்று வானொலியோடு சண்டை போட்டுக்கொண்டிருக்கிறாள். மூன்று வருஷமாக அவள் உனக்கு எழுதும் கடிதத்தின் கடைசியில் அப்பாவும் விசாரித்தார் என்று ஒரு வரி வருமே, அது அவளாகச் சேர்த்தது, நான் சொல்லிச் சேர்த்ததில்லை. அதையும் இன்றைக்கே சொல்லிவிடுகிறேன். ஆடுகள் குட்டி போட ஆரம்பித்துவிட்டன, நாலு நாளாக விடாத மழை, தெற்குக் காற்று வேறு, காலையில் போய்ப் பார்த்தால் வேலி ஓரமாகப் பத்துக் குட்டியாவது விறைத்துக் கிடக்கிறது. பக்கத்துப் பண்ணைக்காரர் விற்றுவிட்டு ஊரை விட்டே போய்விட்டார். நாம் இன்னும் இருக்கிறோம், எத்தனை நாளைக்கு என்று கேட்காதே.

சொல்ல வந்தது வேறு. நம் ஸ்டேஷனில் தண்டவாள வேலைக்கு இருந்த பதினோரு பேரைப் பற்றி நான் பத்திரிகைக்கு எழுதியது உனக்குத் தெரியும், எப்படி எழுதினேன் என்பது தெரியாது. ஒரு வாரம் முழுக்க, கம்பளி மூட்டை ஏற்றுகிற சாக்கில் வண்டியை ஸ்டேஷனுக்கு எதிரே நிறுத்திக்கொண்டு, அவர்கள் எத்தனை தடவை தேநீருக்கு உட்கார்ந்தார்கள், ஒவ்வொரு தடவையும் எத்தனை நிமிஷம் என்று ஒரு உர மூட்டையின் சீட்டில் குறித்துக்கொண்டேன். அம்மாவை டைப் அடிக்கச் சொல்லி, விவசாயிகள் சங்கக் கிளைத் தலைவர் என்று கையெழுத்துப் போட்டு அனுப்பினேன். வரி கட்டுகிறவன் காசில் கெட்டில் கொதிக்கிறது என்று கொட்டை எழுத்தில் போட்டார்கள், எனக்கு அவ்வளவு பெருமை. மந்திரிக்கும் ஒரு நகல் போனது. நாலு மாதத்தில் எட்டுப் பேரை வீட்டுக்கு அனுப்பினார்கள். என் கடிதத்தால்தான் அனுப்பினார்கள் என்று சொல்ல முடியாது, அப்போது எல்லா ஊரிலும் ஆள் குறைத்துக்கொண்டுதான் இருந்தார்கள். ஆனால் என்னால்தான் என்று மது விடுதியில் நானே சொல்லிக்கொண்டு திரிந்தேன், அதனால் என்னால் இல்லை என்று இப்போது சொல்ல எனக்கு வாய் இல்லை. அந்த எட்டுப் பேரில் உன் சிநேகிதி மேரேயின் அப்பா தமாத்தியும் ஒருவர். அன்றைக்குச் சாப்பாட்டு மேஜையில் நீ கேட்டாய், மேரே அப்பா குடிச்சது வெறும் தேநீர், குட்டிக்கு இவ்வளவுன்னு நீங்க கவர்மென்ட்ல வாங்கறது என்னப்பா என்று. எழுந்து வெளியே போ என்றேன். போனாய், இரண்டு மாதத்தில் லண்டனுக்கே போய்விட்டாய்.

நீ கேட்டது எனக்குத் தெரியாத விஷயம் இல்லை, அதுதான் வெட்கம். குட்டிக்கு என்ன விலை கிடைத்தாலும் குறைகிறதை அரசாங்கம் போட்டுத் தருகிறது என்றதும் நம் மலை தாங்குகிற அளவுக்கு மேல் ஆடு விட்டேன், செங்குத்தான சரிவில்கூட விமானத்தை விட்டு உரம் தூவினேன், அதற்கும் மானியம். கறியை வாங்க ஆள் இல்லை. இறைச்சி ஆலை மேஸ்திரி என்னிடமே சொன்னான், மெர்வ், உன் குட்டியெல்லாம் இந்த வருஷம் அரைச்சு உரமாக்கறாங்க, அடுத்த வருஷம் அதையே வாங்கி உன் புல்லுக்குப் போட்டுக்க என்று. அவன் சிரித்தான், நானும் சிரித்தேன். அரசாங்கக் காசில் வளர்த்ததை அரசாங்கக் காசிலேயே அரைக்கிறார்கள் என்று தெரிந்த அதே வாரம்தான் வண்டியில் உட்கார்ந்து அடுத்தவன் தேநீர் குடிக்கிற நிமிஷத்தை எண்ணினேன். வீண் செலவு என்ற வார்த்தையை அடுத்தவன் சாப்பாட்டுக்கு மட்டும் வைத்திருந்தேன்.

பிறகு நடந்ததை அம்மா எழுதியிருப்பாள். புது அரசாங்கம் வந்தது, மானியத்தை எல்லாம் ஒரே வெட்டாக வெட்டியது, வட்டி மட்டும் ஏறியது. இப்படி ஒரே நாளில் நிறுத்தினது அநியாயம் என்று இன்றைக்கும் சொல்வேன், ஆட்டுக்குட்டியைக்கூடப் பால் மறக்கடிக்க ஒரு மாதம் எடுத்துக்கொள்கிறோம். போன ஏப்ரலில் முந்நூறு கிழட்டு ஆடுகளை விற்க முடியவில்லை, ஆலைக்கு அனுப்பினால் லாரி வாடகைக்கே காணாது. சுட்டுப் புதைப்பதுதான் வழி. குழி தோண்ட இயந்திரம் வேண்டுமென்று காண்ட்ராக்டரிடம் சொன்னேன், காலையில் அதை ஓட்டிக்கொண்டு வந்தது தமாத்தி. என்னைப் பார்த்ததும் தலையை ஆட்டினார், அவ்வளவுதான். குழியைத் தோண்டினார், நான் சுட்டேன். நூற்றுக்கு மேல் என் குறி தவற ஆரம்பித்துவிட்டது, பாதி உயிரோடு ஒன்று எழுந்து என் பக்கம் வந்தது. அவர் இறங்கி வந்து, குடு இப்படி, அதுங்கள ஏன் வதைக்கிற என்று துப்பாக்கியை வாங்கி மிச்சத்தை அவரே முடித்தார். அப்புறம் பிளாஸ்க்கைத் திறந்து எனக்கும் ஒரு கோப்பை ஊற்றிக் கொடுத்து, குழி ஓரம் உட்கார்ந்து, மெர்வ், மணி பாத்துக்க, பத்து நிமிஷத்துக்கு மேல போச்சுன்னா எழுதி அனுப்பிடுவ என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

அப்போதாவது புத்தி வந்திருக்க வேண்டும், வரவில்லை. ஜூனில் தலைநகர் வெலிங்டனிலிருந்து ஒரு அதிகாரி எங்கள் குறையைக் கேட்க வந்தார், ஊர் மண்டபம் நிறைந்துவிட்டது. நான்தான் தலைவர், எழுந்து, விவசாயி ஒரு நாளும் அரசாங்கத்தின் ஒரு சதத்தைக்கூட வீணாக்கினதில்லை என்று பேசினேன். பின்னால் பெண்கள் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். உன் அம்மா கையிலிருந்த கெட்டிலை டங்கென்று வைத்தாள். மெர்வின், உக்காரு, அந்த ரயில்வே கடிதாசிய டைப் அடிச்சவ நான், எட்டு வீட்டு அடுப்ப அணைச்சிட்டு இப்ப நம்ம அடுப்புக்கு விறகு கேக்கறோம், கேக்கலாம், தப்பில்ல, ஆனா அத முதல்ல சொல்லிட்டு அப்புறம் கேளு என்றாள். மெர்வின் மனைவி நோலீனா இப்படிப் பேசுகிறாள் என்று இருநூறு பேரும் திரும்பிப் பார்த்தார்கள். நான் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை, காகிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். மறுநாள் தலைவர் பதவியை விட்டேன், அதுகூட உடம்பு சரியில்லை என்று பொய்க் காரணம் எழுதித்தான்.

ஒரு மாதம் கழித்துத் தமாத்தி வீட்டுக்குப் போனேன். வாசலிலேயே நின்று, தப்புப் பண்ணிட்டேன் என்றேன். அவர் உள்ளே வா என்று சொல்லவில்லை. எங்கிட்ட வந்து காதோட சொல்றது சுலபம் மெர்வ், என்னப் பத்தி ஊருக்கே தெரியற மாதிரிதானே எழுதின, அங்க போய்ச் சொல்லு என்றார். அதன்படி எழுதினேன், உர மூட்டைச் சீட்டு, வண்டி, ஆலையில் அரைத்த குட்டிகள், எதையும் விடவில்லை. போன வாரம் வெளியானது, கத்தரித்து உள்ளே வைத்திருக்கிறேன். கடையில் பழைய சிநேகிதர்கள் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள், ஒருவன் என்னப்பா, இத எழுத உனக்குச் சம்பளம் யார் தர்றா, கவர்மென்டா என்று கேட்டான். அதைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம். தமாத்தியின் மனைவி ஹுயா தபாலாபீசில் என்னைப் பார்த்து, படிச்சேன், நல்லாத்தான் எழுதியிருக்கீங்க, ஆனா அந்த எட்டுக் குடும்பத்துல ஆறு குடும்பம் இந்தப் பத்திரிகை போகாத ஊர்ல இருக்கு, பாதிப் பேர் ஆஸ்திரேலியாவுல இருக்காங்க என்றாள். எனக்கு அது தோன்றவேயில்லை பார். விலாசம் தருவீர்களா என்று கேட்டேன். யோசித்துவிட்டு ஒரு உறையின் பின்பக்கத்தில் ஆறையும் எழுதிக் கொடுத்தாள்.

நாலு நாளாக எழுத உட்கார்கிறேன், பெயரை எழுதிவிட்டு அதற்கு மேல் நகரவில்லை, முகம் தெரியாதவர்களா, அவர்கள் பிள்ளைகள் உன்னோடு படித்தவர்கள். முதலில் நம்ம பொண்ணுக்கு எழுது, அப்புறம் தானா வரும் என்றாள் அம்மா. அதனால்தான் இது. நீ பதில் போட்டே ஆக வேண்டும் என்றில்லை. கோபம் இருந்தால் அதையாவது எழுது, அம்மாவுக்கு எழுதும் கடிதத்தில் எனக்கென்று ஒரு வரி போதும்.

அங்கே குளிர் ஆரம்பிப்பதற்குள் நல்ல கம்பளிக் கோட் ஒன்று வாங்கிக்கொள், மலிவானதைப் பார்த்து ஏமாறாதே. சாயங்காலத்தில் தனியாக வெளியே போக வேண்டாம். எங்கள் இரண்டு பேர் ஆசியும் உனக்கு எப்போதும் உண்டு, எங்கே இருந்தாலும் தலை நிமிர்ந்து இரு. மேரேயும் இப்போது லண்டனில்தான் இருக்கிறாளாம், அவள் விலாசம் உன்னிடம் இருந்தால் இந்தக் கடிதத்தை அவளிடமும் காட்டு, நான் சொன்னேன் என்று சொல். மழை சற்று விட்டிருக்கிறது, குட்டிகளைப் பார்த்துவிட்டு வந்து முதல் விலாசத்துக்கு எழுதப் போகிறேன்.

உன் அப்பா,
மெர்வின்