பின்பக்கத்து இடது கதவு

அண்ணே,

பேரன் போன வாரம் புது கார் எடுத்தான். உள்ளே ஏறி உட்கார்ந்ததும் புது சீட்டு வாசனை குப்பென்று அடித்தது. கடைக்காரப் பையன் பூங்கொத்து கொடுத்தான், கேக் வெட்டச் சொன்னான், "சிரிங்க பாட்டி" என்று போட்டோ பிடித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அன்றைக்கு மவுண்ட் ரோட்டு ஷோரூமில் உனக்கு யார் பூ கொடுத்தார்கள்?

அம்பத்தூர் ஸ்டேஷன் ஸ்டாண்டில் யாரோ ஒருத்தருடைய டாக்சியை ஓட்டிக்கொண்டு, சொந்த வண்டிக்கு புக் பண்ணிவிட்டு, வருசக்கணக்கில் காத்துக் கிடந்தாய் நீ. ஸ்டாண்டில் சவாரி இல்லாத நேரமெல்லாம் வண்டிப் பேச்சுதான். "குண்டு வண்டிதான்டா வண்டி, திருமழிசை கல்யாண கோஷ்டி மொத்தமும் அதுல அடங்கும்" என்று நீ புக் பண்ணியிருந்த பெரிய வண்டியைச் சொல்வாய். "அது வண்டியா மாமே, எருமை! திருப்பறதுக்குள்ள தோள்பட்டை கயண்டுடும். சின்ன வண்டி ஓட்டிப் பாரு" என்பான் ஸ்டாண்டில் சின்ன வண்டி ஓட்டுகிறவன். ஒரு விஷயத்தில் மட்டும் எல்லாருக்கும் ஒரே வாய். புது வண்டி எடுத்தால் நேராகப் பட்டறையில் விட்டு, எல்லா போல்ட்டையும் முறுக்க வேண்டும். "கம்பெனிக்காரன் குடுக்கறது பாதி வண்டி, மீதி நாமதான் செய்யணும்" என்று அதையும் பெருமையாகவே சொல்வாய். புடவை வாங்கினால் பாதி நெய்ததையா வாங்கிக்கொண்டு வருவார்கள்? எனக்கு அது அன்றைக்கும் விளங்கவில்லை.

வண்டி வந்துவிட்டது என்று சேதி வந்தபோது அண்ணி பிள்ளை பெற்றுப் படுத்திருந்தாள். திருவேற்காட்டுக் கோயிலில் வண்டிக்குப் பூசை போட எலுமிச்சம்பழமும் கற்பூரமும் எடுத்துக்கொண்டு நான் கூட வந்தேன். நீ வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தாய். நான் பின்னால் ஏறிக் கதவைச் சாத்தினேன். சாத்தின கதவு திரும்பி வந்தது. இழுத்துச் சாத்தினாலும் இடுக்கு வழியே வெளிச்சம் தெரிந்தது. இடது பக்கம், ஏறுவதும் இறங்குவதும் அந்தப் பக்கம்தான், பிள்ளைகள் சாய்ந்து தூங்குவதும் அந்தப் பக்கம்தான்.

ஷோரூம்காரன் சிகரெட்டை வாயிலிருந்து எடுக்கவில்லை. "ஓங்கி அடிச்சா மூடும்மா" என்றான். அப்புறம் உன்னைப் பார்த்து, "வேணாம்னா சொல்லிடுங்க, அடுத்த ஆள் காத்திருக்கார். நீங்க மறுபடி கடைசியில நில்லுங்க" என்றான்.

உன் முகம் செத்துப்போனது. "பரவால்ல சார், நம்ம பட்டறையில பாத்துக்கறேன்" என்றாய்.

"எதுக்கு நீ பாக்கணும்? கதவு மூடற வரைக்கும் நான் எறங்க மாட்டேன்" என்றேன்.

"எறங்குமே! மானம் போவுது!" கண்ணாடி வழியாகக் குனிந்து பல்லைக் கடித்தாய். "வண்டிய இல்லேன்னுட்டான்னா நான் இன்னா பண்ணுவேன்?"

"எம்புள்ள இதுலேர்ந்து ரோட்ல வுழுந்தா நீ இன்னா பண்ணுவ?"

மடியில் எலுமிச்சம்பழத்தை வைத்துக்கொண்டு அப்படியே குந்தியிருந்தேன். என்னால் உன் வண்டி போய்விட்டால் அண்ணி முகத்தில் எப்படி முழிப்பேன்? அந்த நேரம் பார்த்து ஒரு பெரிய மனுசர் பெண்டாட்டியோடு வண்டி பார்க்க வந்தார். அந்தம்மா, "ஏன் அழறாங்க இவங்க?" என்று கேட்டாள். நான் அழவில்லை. ஆனால் கேட்டதும் சத்தமாகவே அழ ஆரம்பித்தேன். ஷோரூம்காரன் சிகரெட்டைப் போட்டுவிட்டு பட்டறை பிட்டரைக் கூப்பிட்டான். பக்கத்தில் நின்ற வண்டியிலிருந்து பூட்டைக் கழற்றி மாட்டினார்கள். டக்கென்று மூடியது.

திருவேற்காடு போய்ச் சேரும்வரை நீ ரோட்டையே பார்த்து ஓட்டினாய். பூசை முடிந்து ஸ்டாண்டுக்கு வந்தோம். மாலை போட்டார்கள். நீ வண்டிமேல் கை வைத்துக்கொண்டு, "கதவ ஓங்கி அடிச்சா மூடும்னான், வுட்டேன் பாரு ஒரு சவுண்டு! வேற வண்டில பூட்டைக் கயட்டி மாட்டிக் குடுத்தான்" என்றாய். நான் பின்சீட்டில்தான் இருந்தேன், அண்ணே. நீ திரும்பிப் பார்க்கவே இல்லை. சொந்த வண்டி எடுத்த நாளில் உன்னைத் தலைகுனிய வைக்க மனம் வராமல் விட்டேன்.

அதற்கப்புறம் நான் எப்போது ஏறினாலும் நீ இறங்கி, சுற்றி வந்து, அந்தக் கதவை நீயே திறந்துவிட்டு நீயே சாத்துவாய். மற்ற யாருக்கும் செய்ததில்லை. அவர்களிடம் உட்கார்ந்த இடத்திலிருந்தே "கதவ மெதுவா சாத்துப்பா" என்று கத்துவாய். அண்ணி ஒரு நாள் கேட்டேவிட்டாள்: "உன் தங்கச்சி இன்னா மகாராணியா?"

"அதுக்குக் கதவு சாத்தத் தெரியாது" என்றாய்.

அந்தப் பதிலுக்கும் சேர்த்துத்தான் எனக்குக் கோபம். நாலு பேர் நடுவில் ஒரு தரம், "என் தங்கச்சி வாங்கிக் குடுத்த கதவு" என்று சொல்லியிருந்தால் உன் வண்டி தேய்ந்தா போயிருக்கும்?

உன் காரியத்தன்று ஸ்டாண்டு ஆட்கள் வந்து அதே கதையைச் சொன்னார்கள். "ஷோரூம்காரனையே நடுங்க வெச்ச ஆளு!" அண்ணி கண்ணைத் துடைத்துக்கொண்டு தலையாட்டினாள். உன் பிள்ளைகள் என்னைப் பார்த்து, "ஆமாவா அத்தை?" என்றார்கள்.

"ஆமா, உங்கப்பன் அப்படித்தான்" என்றேன்.

பேர் உன்னோடேயே போகட்டும். கோபத்தை மட்டும் நான் வைத்திருக்கிறேன். அதை யாருக்கும் தருவதாக இல்லை.