மிதக்க வேண்டிய மணல்

1982 ஜூலை 6, லிந்துலை

பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் இன்று என் வயிற்றைக் கவனித்துவிட்டார். என் ஆய்வுக்கான ஆற்று மணலில் குருந்தம், சிர்க்கன் என்ற இரு கனிமங்கள் கலந்து கிடக்கின்றன; அவற்றைப் பிரிக்க வேண்டும். தாலியக் கரைசலில் போட்டால் குருந்தம் மிதக்கும், பாரமான சிர்க்கன் மூழ்கும். ஆனால் தாலியம் கொடிய நஞ்சு. "பிள்ளை பிறந்த பிறகு பார்க்கலாம், தெரேசா" என்றார். டிசம்பருக்குள் முடிக்காவிட்டால் என் ஆய்வுப் பதிவே ரத்து! பிறகு எதைப் பார்ப்பது? பிள்ளையும் வேண்டும், பட்டமும் வேண்டும். ஒன்றையும் விடமாட்டேன்.

ஜூலை 9

நூலகத்தில் வேறு வழி அகப்பட்டது. இரும்பின் மிக நுண்ணிய துகள் கலந்த திரவத்தைக் காந்தத்தின் மேல் வைத்தால், காந்தம் திரவத்தைக் கீழே இழுக்கும். மணல் மேலே தள்ளப்படும். தண்ணீரே கனத்துவிட்டது போல. தாலியம் தேவையில்லை.

ஜூலை 18, ஞாயிறு

தேயிலைத் தூளில் விழும் இரும்பைப் பிடிக்கும் காந்தத்தை, எங்கள் தோட்டத்துத் தேயிலைத் தொழிற்சாலைப் பெரியவர் சிவசாமி இரவல் தந்தார். "ஞாயித்துக்கெழம மட்டுந்தாங்க. திங்கக்கெழம தேயிலையில இரும்பு வந்துச்சுன்னா என் வேலை போயிரும்." காந்தம் பிடித்த இரும்புத் தூளையும் பொட்டலம் கட்டித் தந்தார். சும்மா கிடைத்ததே என்று அதையே சவர்க்காரத் தண்ணீரில் கலக்கினேன். தூளெல்லாம் ஓடிப்போய்க் காந்தப் பக்கம் ஒட்டிக்கொண்டது. மிஞ்சியது வெறும் தண்ணீர். எத்தனை அரைத்தாலும் அது பருமன்தான். படித்தவளுக்குப் புத்தி வேண்டாமா?

மாமி அந்தோனியம்மா எட்டிப் பார்த்தார். "புள்ளத்தாச்சி செய்யிற வேலையா இது?"

ஆமாம், இதுதான் வேலை.

ஆகஸ்ட் 22

இரும்பு உப்புகளைக் காரத்தில் சேர்த்துக் கறுப்புத் துகளை நானே உண்டாக்கினேன். சவர்க்காரம் பூசியதும் அடியில் படியவே இல்லை. காந்தத்தைக் காட்டினால் திரவம் முழுவதும் முள் முள்ளாக எழும்புகிறது! மணலைப் போட்டேன். எல்லாம் மிதந்தது. சிர்க்கனும்தான். அழுதுவிட்டேன்.

ஆகஸ்ட் 29

காந்தம் கிட்ட இருந்ததுதான் பிழை. பாத்திரத்துக்கு அடியில் கண்ணாடித் தகடுகளை ஒவ்வொன்றாகச் செருகி உயர்த்தினேன். இழுப்புக் குறையக் குறைய, முதலில் சிர்க்கன் இறங்கியது. குருந்தம் மேலேயே நின்றது. என் கணவர் தான் படிப்பிக்கும் பள்ளிக்கூடத்து நுணுக்குக்காட்டியில் பார்த்துவிட்டு, "சுத்தமா இருக்கு தெரேசா" என்றார். நம்பாமல் நானும் பார்த்தேன்.

ஒக்டோபர் 12

ஆய்வுகூடத்துக் காந்தத்தை வைத்து மணலைப் பிரித்துக் காட்டினேன். "இன்னொரு தரம் செய்துகாட்டும்" என்றார் பேராசிரியர். காட்டினேன்.

1983 பெப்ரவரி 8

பட்டம் உறுதியாகிவிட்டது. புதிதாகச் சேர்ந்த மாணவிகளுக்கு நான் கறுப்புத் திரவம் செய்யப் பழக்க வேண்டுமாம். மகளுக்கு இரண்டு மாதம்தான் ஆகிறது, பால் கொடுக்க வேண்டும், அவளையும் ஆய்வுகூடத்துக்குத் தூக்கி வரலாமா என்று பேராசிரியரைக் கேட்டேன்.

"தாலியத்தைப் பூட்டிவிட்டேன்" என்றார். "கொண்டு வாரும்."